ஏழு கைக்கு அடங்காத லட்சத்து எட்டு

நாகலூர்
10-2-2025

சிவரஞ்சனிக்கு உன் மாமியார் பாவாயி எழுதுவது.

அன்றைக்கு மாரியம்மன் கோயில் கொட்டகையில் இருந்தவர்கள்: அம்மணி, கமலா, சசிகலா, கீர்த்திகா, ராசம்மா, நீ, நான். பழம் கோர்த்த பொம்பளைகள் ஏழு பேர் இவ்வளவுதான். ஆம்பளைகளில் கமிட்டித் தலைவர் காளியண்ணன், பூசாரி சின்னராஜ், உன் புருஷன் வெங்கடேஷ். ஆக மொத்தம் பத்துப் பேர். பதினோராவது ஆள் இருந்ததாக எவராவது சொன்னால் அது பொய். எனக்குப் படிப்புதான் மூன்றாம் வகுப்பு, ஞாபகம் அப்படி இல்லை. உன் மாமனார் செத்த அன்றைக்கு அம்மணி சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்தாளே, இருபத்தாறு வருஷம் ஆச்சு, அதன் கரை என்ன நிறம் என்றுகூடச் சொல்வேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

காப்பியில் தண்டுதுளைப்பான் பூச்சி விழுந்தபோது ஊரே வேண்டிக்கொண்டது. பூச்சி போனால் ஆத்தாளுக்கு லட்சத்து எட்டுக் காப்பிப் பழத்தை மாலையாகச் சாத்துவதாக. நம் மலைக்குக் கீழே கீழ்நாட்டில் லட்சத்து எட்டு வடை சாத்துகிறார்கள், நாம் மட்டும் இளைத்தவர்களா என்று அந்த எண்ணைக் கொண்டுவந்தவர் காளியண்ணன். பூச்சி போனது. கன்னிமார் ஏழு பேர், அதனால் ஏழு பேர்தான் கோர்க்க வேண்டும், ஒருத்தி கூடுதல் ஒருத்தி குறைச்சல் என்று இருக்கக் கூடாது என்று சொன்னதும் அவரே. நூற்றெட்டுப் பழம் ஒரு சரம். மொத்தம் 926 சரம். ஆளுக்கு 132 என்று போனில் தட்டிப் பார்த்துச் சொல்லி, நூலையும் அப்படியே வெட்டி எண்ணிக் கொடுத்தார். எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர் கணக்கை எவர் கேட்பார்?

மூன்று நாள் கோர்த்தோம். பழத்துக்குள் ரெண்டு கொட்டை முகத்தோடு முகம் வைத்து உட்கார்ந்திருக்கும், ஊசி அந்த இடுக்கில் போக வேண்டும் என்று உனக்கு எத்தனை தடவை சொன்னேன். நீ குத்தியதில் பாதி கொட்டையில் முட்டியது. சாறு வழிந்து, எறும்பு ஏறி, மூன்றாம் நாள் கொட்டகையே புளித்து நாறியது.

ஞாயிற்றுக்கிழமை சாத்தும்போது சின்னராஜ் சத்தம் போட்டு எண்ணினான். 924-இல் நின்றுவிட்டது. ரெண்டு சரம் இல்லை.

"ஏழு பேருத்துக்கும் சரிசமமா பிரிச்சுக் குடுத்தேனுங்க. எங்கணக்குத் தப்பாது. கைதான் எங்கியோ தப்பியிருக்குது" என்றார் காளியண்ணன்.

"ரெண்டாம் நாளு மத்தியானம் சிவரஞ்சனி பையத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போனாளுங்களே" என்றாள் கமலா.

அவ்வளவுதான். எல்லார் கண்ணும் உன் மேல். ஹரிணிக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, நீ பிள்ளையைக் கூட்டி வரப் போனாய். அதையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் மறுநாள் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வாழப்பாடிக்கு, உன் அப்பன் ஊட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். எடுத்தவள்தான் ஓடுவாள் என்று ஊர் பேசுகிறது.

மார்ச் பதினாறாம் தேதி கமிட்டிக் கூட்டம். நீ ஈரத்துணியோடு ஆத்தா முன்னால் நின்று "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லி, ரெண்டு சரம் கோர்த்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் நம் ஊட்டுப் பூசைத் தட்டைத் தொடமாட்டார்களாம்.

உன் போன் அணைந்தே கிடக்கிறது. வெங்கடேஷ் போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. என் வாய்க்கும் உன் காதுக்கும் நடுவில் அவன் காது எதற்கு? எடுத்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது.

பாவாயி


வாழப்பாடி
15-2-2025

அத்தைக்கு,

இல்லை.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை அதுதான். இனி எழுதுவது நீங்கள் கேட்காதது.

மூன்று நாளும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டிலும் ஹரிணியின் ஸ்வெட்டரும். நீங்களே "பனி எறங்குது, ஸ்வெட்டர எடுத்துட்டுப் போ கண்ணு" என்றீர்கள். கமலா அக்கா அப்படிச் சொன்னபோது நான் முதலில் பார்த்தது உங்கள் முகத்தைத்தான். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். துடைத்து முடிக்கவே இல்லை.

ஊர் பேசியதற்காக நான் பஸ் ஏறவில்லை.

ஹரிணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. முழுப் பரீட்சைக்கு ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எப்போது போவோம் என்று தினமும் கேட்கிறாள்.

சிவரஞ்சனி


நாகலூர்
21-2-2025

சிவரஞ்சனிக்கு,

கண்ணாடியை நான் துடைத்தது உண்மை. அதில் அழுக்கும் இருந்தது, அதுவும் உண்மை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அதை விடு.

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன். காய்ந்த காப்பிக் கொட்டையில் 926 எண்ணி எடுத்தேன். ஒரு கொட்டை ஒரு சரம் என்று வைத்துக்கொள். ஏழு தட்டைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கொட்டையாகப் போட்டுக்கொண்டே சுற்றினேன். 132 சுற்று ஓடியது. கையில் ரெண்டு கொட்டை மிச்சம்.

கை தப்பியிருக்கும் என்று கலைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் ரெண்டு. மூன்றாம் தடவையும் ரெண்டு. நாலாம் தடவை அந்த ரெண்டு கொட்டையைப் பார்த்ததும், சாக்கடையில் கை விட்டது மாதிரி எனக்கு உடம்பு கூசிப்போனது. ரெண்டு சரத்தை எவளும் எடுக்கவில்லை. அந்த ரெண்டை எவளும் கோர்க்கவே இல்லை! கோர்க்க நூலே கொடுக்கவில்லை அந்த மனுஷன். ஏழு 132 என்றால் 924-தான். வெட்டிக் கொடுத்ததே 924 நூல். கடைசி நாள் எவள் மடியிலாவது ஒரு துண்டு நூல் மிஞ்சியதா? இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம். பூசைக்கூடை கட்ட நூல் கேட்டான் சின்னராஜ். ஒருத்தியிடமும் இல்லாமல் வாழை நாரில் கட்டினான்.

அப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஹரிணியின் பழைய நோட்டில் வகுத்தல் பாடம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, செங்குத்துப் பாதையில் இறங்குவது மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினேன். லட்சத்து எட்டை ஆறு பேருக்குப் பிரிக்கலாம், ஆளுக்கு 16,668. எட்டுப் பேருக்குப் பிரிக்கலாம், 12,501. ஒன்பது பேருக்கு 11,112, மிச்சமே கிடையாது. நடுவில் இருக்கிற ஏழுக்கு மட்டும் ஆகாது. சரமாக வேண்டாம், பழம் பழமாகவே பிரி, அப்போதும் ஆறு பழம் நிற்கும். ஊர் கூடி வேண்டிக்கொண்ட வேண்டுதலே நடக்காத வேண்டுதல். லட்சத்து எட்டும் வேண்டும், ஏழு கையும் சரிசமமாக இருக்க வேண்டும் என்றால் ஆத்தாளே இறங்கி வந்து கோர்த்தாலும் முடியாது.

சரம் 926 இருக்கிறதே, அது இன்னும் பிடிவாதம். ரெண்டாகப் பிளந்தால் 463. அந்த 463-ஐ மூன்று வரிசை, நாலு வரிசை என்று இருபத்தொன்று வரைக்கும் அடுக்கிப் பார்த்தேன். எதிலும் கடைசி வரிசை பல் விழுந்த வாய் மாதிரி நிற்கிறது. அதற்கு மேல் போனால் அகலமும் நீளமும் இடம் மாறும், புதிதாக ஒன்றும் வராது. நாற்றுப் பாத்தி போட்டவளுக்கு அது தெரியும். ஆக, சரிசமமாகக் கோர்க்க வேண்டும் என்றால் ரெண்டு பேர் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் 463 பேர் உட்கார வேண்டும். நம் ஊரில் நாயையும் சேர்த்து எண்ணினாலும் அத்தனை உருப்படி கிடையாது.

இந்த லட்சணத்தில் கணக்குப் போட்டவர் கௌரவமாகத் துண்டு போட்டுக்கொண்டு நடக்கிறார். நேற்றுக் கடையில் பார்த்தேன். "ஏனுங்க பாவாயி, மருமக வந்துருவாளுங்களா?" என்று கேட்டுவிட்டு வடையைக் கடித்தார். அவர் மீசையில் ஒரு வடைத்துணுக்கு ஒட்டிக்கொண்டு ஆடியது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போதே சொன்னால் பேசி மழுப்பிவிடுவார். கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

பூசை மாலையெல்லாம் அழுகிப் பள்ளத்தில் கிடக்கிறது. காட்டெருமைகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

பாவாயி


வாழப்பாடி
27-2-2025

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அழுதேன் என்று எழுதினால் திட்டுவீர்கள். எழுதவில்லை.

நீங்கள் போட்ட கணக்கு அத்தனையும் சரி. நானும் இங்கே தாளில் போட்டுப் பார்த்தேன். இந்த ஏழு மற்ற எண்கள் மாதிரி இல்லை அத்தை. 132-க்கு அப்புறம் புள்ளி வைத்து 285714 என்று வரும், மறுபடியும் 285714, மறுபடியும் அதுவே. செக்குமாடு மாதிரி அந்த ஆறு எண்ணும் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர, ஒரு இடத்தில் முடியாது. நூல் வெட்டிய அன்று போனில் பார்த்தபோதும் திரை முடிகிற வரைக்கும் அப்படித்தான் ஓடியது.

ஆனாலும் கூட்டத்தில் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நான் வந்து ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகன் என் அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டார். "ஒரு வார்த்தை நாந்தான்னு சொல்லிட்டா முடிஞ்சுது. ரெண்டு சரம், அரை மணி நேர வேலை. ஹரிணி பரீட்சை எழுதணுமா வேண்டாமா?" என்றார். காளியண்ணன் மாமா எஸ்டேட் பங்களாவுக்கு வருகிறவர்களை ஏற்றிப்போக உங்கள் மகனுடைய ஜீப்பை மாதக் கணக்கில் பேசி விடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். இப்போது மாமா முகத்தை முறிக்கக் கூடாதாம்.

எனக்கு அலுத்துவிட்டது. அரை மணி நேரம் ஈரத்துணியோடு நின்றால் சளி பிடிக்கும், அவ்வளவுதானே. பதினைந்தாம் தேதி வருகிறேன்.

சிவரஞ்சனி


நாகலூர்
4-3-2025

சிவரஞ்சனிக்கு,

வராதே. வந்து அந்த வார்த்தையைச் சொன்னால் அப்புறம் சாகிற வரைக்கும் நீ திருடிதான். நாளைக்கு ஹரிணி சமைந்து உட்காரும்போது, சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற கமலா இதைத்தான் காதோடு காதாகப் பேசுவாள். அரை மணி நேரம் என்று கணக்குப் போடுகிறாயே, நீயும் காளியண்ணன்தானா?

இன்னொன்று. உன் கடிதத்தில் ஒரு வரி எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "நூல் வெட்டிய அன்று போனில் பார்த்தபோது."

நூல் வெட்டியது ஜனவரி 29, புதன்கிழமை. உன் போன் கண்ணாடி உடைந்து டவுனில் பாலகுமார் கடையில் கிடந்தது. 27-ஆம் தேதி கொடுத்தோம். நீ வாழப்பாடிக்குப் போகிற வழியில் இறங்கித்தான் அதை வாங்கிக்கொண்டு போனாய். என்னிடம் போன் கிடையாது. அன்றைக்கு நம் ஊட்டில் இருந்தது ஒரே ஒரு போன்.

எனக்கு இதுவும் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை 924-இல் சின்னராஜ் நிறுத்தியதும் எல்லாரும் மாலையைப் பார்த்தார்கள். வெங்கடேஷ் மட்டும் பார்க்கவில்லை. ரெண்டு குறைகிறது என்று சொன்ன சத்தத்துக்கு அவன் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. கமலா உன் பேரைச் சொன்னதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். ஏணிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கேட்கிறேன், பதில் எழுது. நூல் வெட்டிய அன்றைக்கே அவனுக்குத் தெரியுமா?

பாவாயி


வாழப்பாடி
9-3-2025

அத்தைக்கு,

ஹரிணியின் தலைமேல் கை வைக்கச் சொல்லி என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். மாலை சாத்திய அன்று சாயங்காலம், நம் வீட்டுச் சமையல்கட்டில். அதனால் நான் எதையும் எழுத மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் அடித்துத் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் சொன்னபடி பதினைந்தாம் தேதி வர மாட்டேன். நீங்கள் பெற்ற ஒரே பிள்ளை அவர் என்பதை நினைத்துத்தான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தேன். சத்தியம் பாதி, அது பாதி.

சிவரஞ்சனி


நாகலூர்
18-3-2025

சிவரஞ்சனிக்கு, கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

கொட்டகை நிறைந்திருந்தது. நீ வரவில்லை என்றதும் காளியண்ணன் எழுந்து தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பிப்பதற்குள் நான் மடியை அவிழ்த்து 926 கொட்டையையும் துண்டில் கொட்டினேன்.

"என்னுங்க பாவாயி இது?"

"உங்க கணக்குங்க. எண்ணிப் பாருங்க."

சின்னராஜ் எண்ணினான். 926. கோர்த்தவர்களில் மற்ற ஐந்து பேரையும் வரிசையாக உட்காரச் சொல்லி, நானும் உட்கார்ந்து, உன் இடத்தில் ஒரு சொம்பை வைத்து, முந்தானையை ஏந்தச் சொன்னேன். காளியண்ணன் கையாலேயே போடச் சொன்னேன். முதலில் சிரித்துக்கொண்டே போட்டார். நூறாவது சுற்றில் சிரிப்பு நின்றது. 132 முடிந்தது. அவர் உள்ளங்கையில் ரெண்டு கொட்டை கிடந்தது. மூடவும் முடியாமல் போடவும் முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி காரியத்துல இப்பிடிக் கணக்குப் பாக்கலாமுங்களா?" என்றார் கடைசியில்.

"கணக்குப் பாத்துத்தானுங்க எம் மருமகளத் திருடின்னீங்க."

மனுஷன் உட்கார்ந்துவிட்டார். "போன்ல நூத்தி முப்பத்திரெண்டுன்னு வந்துது, அப்பறம் ஒரு புள்ளி வெச்சு என்னென்னமோ ஓடுச்சுங்க. புள்ளிக்கு அங்கிட்டு இருக்கறது ஒண்ணுமில்லாத சங்கதின்னு உட்டுட்டேனுங்க" என்று அழுகிற குரலில் சொன்னார். முப்பது வருஷ ரைட்டர்! இந்த வாயை நம்பியா இத்தனை பேர் ஆள்கணக்கை ஒப்படைத்தோம் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை. தெரியாமல்தான் செய்திருக்கிறார். கமலா எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "பையப் பாத்தேன், அதச் சொன்னேன், நொம்பத் தப்புங்க" என்றாள். பிடித்த கையை நான் உருவிக்கொண்டேன். ஆனாலும் சொன்னாளே.

அப்போது அம்மணிதான் கேட்டாள். "ஏனுங்க, இத்தன பேருல ஒருத்தருக்குமா இது மின்னாடியே தெரியல?"

நான் வெங்கடேஷைப் பார்த்தேன். தூணோரமாக நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நூலு வெட்டுன அன்னிக்கு உம் போன்ல இந்தக் கணக்கப் போட்டியா, இல்லயா?" என்றேன்.

"அம்மா, எல்லாம் ஊட்டுல பேசிக்கலாம்."

"ஊட்டுல பேசறதுக்கு அவ ஊட்டுல இல்லியே சாமி."

அப்போதும் "ஆமாம்" என்று வாயில் வரவில்லை அவனுக்கு. "ரெண்டு சரந்தானே, ஆரு எண்ணப் போறாங்கன்னு நெனச்சேன்" என்றான். "மாமங்கிட்டப் போயி உங்க கணக்கு தப்புன்னு எப்பிடிம்மா சொல்றது? ஜீப்பு விசயம் பேசிட்டிருக்கறப்ப?" என்றான். அவ்வளவு பேர் நடுவில், தான் படித்த மூன்று வருஷக் கணக்குப் பட்டத்தை எச்சில் இலை மாதிரி தூக்கிப் போட்டுவிட்டு நின்றான். காளியண்ணனே தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே ரெண்டு நூலு சேத்து வெட்டியிருப்பனேடா" என்றார்.

உன் பேர் சுத்தமாகிவிட்டது. கமிட்டியில் எழுதிப் படித்தார்கள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஆனால் உன்னை வா என்று நான் கூப்பிடமாட்டேன். ஊடு என் பேரில் இருக்கிறது. நீயும் ஹரிணியும் முன்னறையில் இருக்கலாம், பரீட்சை முடிந்து போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம். அவன் ஜீப் நிறுத்துகிற கொட்டாயில் படுத்துக்கொள்கிறான். நான் சொல்லவில்லை, அவனே பாயைத் தூக்கிக்கொண்டு போனான். சோறு போடுகிறேன். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், அவன் மெல்லுவதைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு எத்தனை பேர் மேல் எத்தனை வருஷத்து வன்மம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அம்மணி சேலையைக்கூட இன்றோடு விட்டுவிடலாம் போல இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்ட ஒரே வாய் அவளுடையது. கமலா வாய்க்கொழுப்பில் பேசினாள், காளியண்ணன் தெரியாமல் செய்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன், அதை நீ உன் இஷ்டம் போல வைத்துக்கொள்.

தெரிந்து செய்தவன் ஒருத்தன்தான். கட்டினவளை ஊர் நடுவில் திருடியாக நிற்கவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான், பெற்ற பிள்ளையின் தலையை வைத்து அவள் வாயை அடைத்தான். நான் செத்தால் கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை, அவனே வைக்கட்டும். அதற்காக மனசு மாறிவிட்டேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். என் கையால் எழுதித் தருகிறேன், நான் மன்னிக்காத ஆள்: வெங்கடேஷ்.